ஐந்தாம் மாடியில் 25 டிகிரி

அந்த அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில் வேலை செய்யும் அக்கா ஒருவரின் நாற்காலியில் எப்போதும் ஒரு சால்வை தொங்கும். காலை ஒன்பதரைக்குத் தோளில் ஏறினால், மதியம் சாப்பிடக் கீழே இறங்கும்போதுதான் அதைக் கழற்றுவார். வெளியே 33 டிகிரி வெயில். அவருடைய மேசைக்கு அடியில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பல்கலைக்கழக விடுமுறையில் பத்து வாரம் ஓர் அரசாங்க அலுவலகக் கட்டடத்தில் வேலைப் பயிற்சி செய்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எட்டு மாடி, தொண்ணூறுகளில் கட்டியது, எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை கேட்பதற்கு எளிது. தீப்பெட்டி அளவுள்ள வெப்பநிலைப் பதிவுக்கருவிகளை எல்லா மாடிகளிலும் வைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அவற்றை எடுத்து, எண்களை அட்டவணையாக்கி, மின்சாரத்தை எங்கே மிச்சப்படுத்தலாம் என்று அறிக்கை எழுத வேண்டும். எக்செல் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை என்றுதான் நானும் நினைத்தேன். அந்த அறிக்கையை நான் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. முதல் முறை எழுதியது தவறு. அது எப்படித் தவறாகப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாட்டியின் கேள்வி

வேலைப் பயிற்சிக்குப் போவதற்கு முன்பே இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பரீட்சை வைத்தவர் என் பாட்டி. நாங்கள் ஈசூனில் வசிக்கிறோம். எங்கள் புளோக்கின் கூரையில் சூரியசக்தித் தகடுகள் பொருத்தப்பட்டு சில ஆண்டுகள் ஆகிவிட்டன. "மேல அவ்வளவு பெரிய தகடு போட்டிருக்காங்க. நம்ம பியூபி பில் மட்டும் ஏன் குறையல?" என்று பாட்டி கேட்டார். உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

அந்த மின்சாரம் நம் வீட்டுக்குள் வருவதில்லை என்பதுதான் பதில். பகலில் அது முதலில் புளோக்கின் பொதுத் தேவைகளுக்குப் போகிறது: மின்தூக்கி, நடைபாதை விளக்குகள், தண்ணீரை மேலே ஏற்றும் பம்புகள். மிஞ்சுவது தேசிய மின்கட்டமைப்புக்குப் போகிறது. தகடுகளை நிறுவிப் பராமரிப்பது பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். அவை உற்பத்தி செய்யும் மின்சாரத்துக்கு நகர மன்றம் பணம் கொடுக்கிறது. பாட்டிக்கு இதில் பாதி திருப்திதான். "அப்போ லிஃப்ட்டுக்குத்தான் லாபம்" என்றார். மின்தூக்கிக்கான செலவும் கடைசியில் நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில்தானே வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிட்டார்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2008ஆம் ஆண்டிலேயே சில புளோக்குகளில் தகடுகளைச் சோதனையாகப் பொருத்தத் தொடங்கியது. 2014ல் வந்த சோலார்நோவா திட்டம்தான் வேகத்தைக் கூட்டியது. அந்தத் திட்டத்தின் சூட்சுமம் பொறியியல் அல்ல, வியாபாரம். ஒரு பள்ளிக்கூடத்தின் கூரைக்கு மட்டும் ஏலக்குத்தகை விட்டால் பெரிய நிறுவனம் எதுவும் எட்டிப் பார்க்காது. ஆயிரக்கணக்கான வீவக புளோக்குகளோடு பல அரசாங்க அமைப்புகளின் கூரைகளையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால் விலை இறங்கும், போட்டி ஏறும். வீவக கூரைகளில் மட்டும் 2030க்குள் 540 மெகாவாட் உச்சத் திறன் என்பது கழகத்தின் இலக்கு.

கூரை போதாதபோது தண்ணீர். 2021 ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தில் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியசக்திப் பண்ணையில் 122,000 தகடுகள் உள்ளன. ஏறத்தாழ 45 காற்பந்துத் திடல்களின் பரப்பு, 60 மெகாவாட் உச்சத் திறன். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஐந்து நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குத் தேவையான மின்சாரத்தை அது ஈடுகட்டுகிறது. ஆனால், கழகத்தின் மொத்த எரிசக்தித் தேவையில் அது சுமார் 7 விழுக்காடுதான்.

அந்த 7 என்ற எண்ணைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் பசுமைத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது அதன் 2030 இலக்கு குறைந்தது 2 கிகாவாட் சூரியசக்தியாக இருந்தது. அதை எட்டினாலும் நாட்டின் அந்த ஆண்டு மின்தேவையில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் கிடைக்கும் என்பது அப்போது அரசாங்கத்தின் கணிப்பு. நம்மிடம் இருப்பது வெயில்; இல்லாதது இடம். இன்றும் நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. தகடுகளைப் பார்த்துப் பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால், தகடு போட்டதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தால் அது தவறான கணக்கு. செலவழிக்காத மின்சாரம்தான் இந்தத் தீவில் ஆகச் சுத்தமான மின்சாரம்.

கட்டடத்தின் அடித்தளம்

நாட்டின் கரிம வெளியேற்றத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் கட்டடங்களின் பங்கு. அலுவலகக் கட்டடத்தில் மின்சாரத்தை அதிகம் தின்பது விளக்கும் கணினியும் அல்ல, குளிரூட்டல்.

2021ல் தொடங்கப்பட்ட கிரீன்கவ்.எஸ்ஜி திட்டத்தின்படி, பொதுத் துறை தன் எரிசக்திப் பயன்பாட்டை 2018 முதல் 2020 வரையிலான சராசரியிலிருந்து 2030க்குள் 10 விழுக்காடு குறைக்க வேண்டும். நாடு 2050ல் நிகர பூஜ்ஜிய நிலையை எட்டும் என்றால், பொதுத் துறை ஏறத்தாழ 2045லேயே எட்ட வேண்டும். வழிகாட்டுகிறவன் முன்னால்தானே நடக்க வேண்டும். அலுவலகங்களில் குளிர்சாதன வெப்பநிலை 25 டிகிரி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதிகளில் ஒன்று.

வேலைப் பயிற்சியின் முதல் நாள் என்னைக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். பெரிய கட்டடத்தின் குளிர்சாதனம் நம் வீட்டு ஏர்கான் போன்றது அல்ல. கீழே பேருந்து நீளத்துக்கு இரண்டு குளிரூட்டும் இயந்திரங்கள். அவை தண்ணீரை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் குளிர்வித்துக் குழாய்களில் மேலே அனுப்புகின்றன. ஒவ்வொரு மாடியிலும் பூட்டிய ஓர் அறைக்குள் காற்றைக் கையாளும் கருவி ஒன்று உண்டு. ஒரு பெரிய விசிறி, குளிர்ந்த குழாய்ச் சுருளின் ஊடாகக் காற்றை ஊதித் தள்ளும். மாடியில் சூடு அதிகமானால் ஒரு வால்வு அகலத் திறந்து அதிகக் குளிர்நீரை விடும். குளிர் போதுமென்றால் வால்வு மெல்ல மூடும். அதிகமா போதுமா என்பதைத் தீர்மானிப்பது சுவரில் உள்ள ஒரு சின்ன உணர்கருவி, அதாவது சென்சார்.

இந்த ஏற்பாட்டின் திறனை அளக்க ஓர் எண் உண்டு. ஒரு டன் குளிர்ச்சி தர எத்தனை கிலோவாட் மின்சாரம் வேண்டும் என்பதுதான் அது. டன் என்றால் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கினால் கிடைக்கும் குளிர்ச்சி. பனிக்கட்டி விற்ற காலத்துக் கணக்கு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ஏற்பாடுகளில் இந்த எண் ஒன்றைத் தாண்டும். நல்ல ஏற்பாட்டில் 0.6ஐ ஒட்டி இருக்கும். நான் பயிற்சி பெற்ற கட்டடத்தில் சில ஆண்டுகளுக்கு முன் இயந்திரங்களை மாற்றியிருந்தார்கள். இந்த அளவுக்கு மேல் போகாது என்று நிறுவனம் உத்தரவாதம் கொடுத்து, போனால் ஈடுகட்ட வேண்டிய வகை ஒப்பந்தம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் பச்சை நிறத்தில் 0.61 ஒளிர்ந்தது. என் மேற்பார்வையாளர் அதைக் காட்டும்போது அவர் முகமும் கொஞ்சம் ஒளிர்ந்தது.

நான் எழுதிய முதல் அறிக்கை

இரண்டு வாரம் கழித்துப் பதிவுக்கருவிகளை எடுத்தேன். ஏழு மாடிகளில் எண்கள் 24க்கும் 26க்கும் இடையில் இருந்தன. ஐந்தாம் மாடியில் மட்டும் 21.8. கட்டுப்பாட்டு அறைத் திரையோ அதே ஐந்தாம் மாடிக்கு 25 என்று காட்டியது.

எனக்கு விளக்கம் உடனே கிடைத்துவிட்டது. அதுதான் பிரச்சினை. ஊழியர்கள் யாரோ கட்டுப்பாட்டுப் பொத்தானைக் குறைத்து வைக்கிறார்கள், பிறகு திரும்ப ஏற்றிவிடுகிறார்கள் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் 'பயனாளர் நடத்தை' என்று ஒரு முழுப் பாடமே படித்திருந்தேன். அறிக்கையில் அந்தத் தலைப்பிலேயே ஒரு பக்கம் எழுதினேன். ஐந்தாம் மாடி ஊழியர்களுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பூட்டுப் போட வேண்டும் என்பவை என் பரிந்துரைகள். சால்வை அணியும் அக்கா அதே மாடியில்தான் உட்கார்ந்திருந்தார். குளிரில் நடுங்குகிறவர் ஏன் குளிரைக் கூட்டப் போகிறார் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். இதை எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்தாம் மாடிப் பதிவில் இரண்டாவது வாரம் வியாழக்கிழமை மதியம் மட்டும் எண் திடீரென்று 24.3க்கு ஏறியிருந்தது. மாலை வரை அப்படியே இருந்து, வெள்ளிக்கிழமை மறுபடியும் 21.8க்கு இறங்கிவிட்டது. என் வரைபடத்தின் அழகான தட்டைக் கோட்டில் அது ஒரு கொப்புளம் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. கருவிக் கோளாறு என்று முடிவு செய்து அந்த ஐந்து மணி நேரத்தை அழித்துவிட்டேன். 'விலகிய மதிப்பு நீக்கப்பட்டது' என்று அடிக்குறிப்பும் போட்டேன். அடிக்குறிப்பு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

அங்கிள்

அந்தக் கட்டடத்தின் குளிர்சாதனத்தைப் பராமரிப்பது ஓர் ஒப்பந்த நிறுவனம். அதன் தொழில்நுட்பர் ஒருவர் தமிழர், அறுபதை நெருங்கியவர். கப்பல் பட்டறையில் பைப் ஃபிட்டராகத் தொடங்கி, இந்தக் கட்டடத்தில் மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறார். எல்லாரும் அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவார்கள், சீன ஊழியர்களும்தான். அடித்தளத்தில் அவருக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு வானொலி. ஒலி 96.8 எப்போதும் மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு வாரமும் நான் அவரிடம் வணக்கம் சொன்னதோடு சரி. கருவிகளை வைக்க ஏணி பிடித்தவர் அவர்தான். ஆனால், என்ன செய்கிறேன் என்று நான் அவரிடம் விளக்கவுமில்லை, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கவுமில்லை. அறிக்கையை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள், கருவிகளைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனேன். மடிக்கணினியில் ஐந்தாம் மாடி வரைபடம் திறந்திருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார்.

"இதுல வியாழக்கிழமை எங்க?"

அழித்துவிட்டேன், கருவி சரியில்லை என்றேன்.

"கருவி நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு ஃபோட்டோகாப்பி மெஷின் கெட்டுப்போச்சு. ஆள் வந்து மத்தியானம் ஆஃப் பண்ணிட்டான். மறுநாள் காலையிலதான் பார்ட்ஸ் வந்துச்சு. அந்த மெஷின் நின்னா அஞ்சாம் மாடி நல்லா இருக்கும், மா. ஓடினா ஐஸ் பெட்டி."

எனக்குப் புரியவில்லை. என்னை ஐந்தாம் மாடிக்கு அழைத்துப் போனார். மாடியைச் சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்திருக்கிறார்கள். முன்பு திறந்தவெளியாக இருந்த ஒரு மூலையில் இடுப்பளவு தடுப்பு வைத்து, நகல் இயந்திரத்தையும் இரண்டு அச்சு இயந்திரங்களையும் நிறுத்தியிருந்தார்கள். அவற்றின் பின்னால், சுவரில், மூன்று இயந்திரங்களின் சூடும் நேராக அடிக்கும் இடத்தில் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி இருந்தது. அதுதான் சென்சார். கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது.

மாடி முழுக்க 22 டிகிரியில் விறைத்துக்கொண்டிருக்க, சென்சார் மட்டும் சூட்டில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் குளிர் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வால்வு நாள் முழுக்க அகலத் திறந்திருந்தது. விசிறி முழு வேகத்தில் சுழன்றது. சென்சார் நின்ற இடத்தில் வெப்பநிலை உண்மையிலேயே 25தான். திரை பொய் சொல்லவில்லை. அது வேறு ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பல மாதங்களாகக் குளிரைப் பற்றி அந்த அக்கா மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டு '25 டிகிரி, விதிமுறைப்படி உள்ளது' என்று பதில் போயிருக்கிறது. அவரைத்தான் நான் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்திருந்தேன்.

பச்சை எண்ணின் மறுபக்கம்

அடித்தளத்துக்குத் திரும்பியதும் அங்கிள் தன் குறிப்பேட்டை எடுத்தார். மூலைகள் சுருண்ட நீல அட்டைப் புத்தகம். 'எல்5 சென்சார் ஹாட், வால்வ் ஃபுல் ஓப்பன்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தார். தேதி, மாடிப் புதுப்பிப்பு முடிந்த அதே மாதம். அதற்குப் பிறகு அதே வரி ஒன்பது இடங்களில் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னாராம். சென்சாரை நகர்த்துவது பராமரிப்பு அல்ல, மாற்றியமைப்பு. அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும், தனி விலைப்புள்ளி வேண்டும். அவர் நிறுவனத்தின் வேலை மதிப்பிடப்படுவது எத்தனை புகார்கள் தீர்க்கப்பட்டன என்பதை வைத்து. திரையில் 25 என்று இருந்தால் புகார் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். "நான் எழுதுறது என் புக்குல இருக்கும். மேல போறது வேற பேப்பர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு உறைத்த இன்னொரு விஷயம் அந்த 0.61. கீழே உள்ள இயந்திரங்கள் ஒரு டன் குளிர்ச்சியை மிகக் குறைந்த மின்சாரத்தில் தயாரித்தன. உண்மை. ஆனால் அந்த டன் மேலே தேவைப்படுகிறதா என்று அந்த எண் கேட்பதே இல்லை. தேவையில்லாத குளிர்ச்சியையும் திறமையாகத் தயாரிக்கலாம். சொல்லப்போனால், சுமை நன்றாக இருந்தால் இயந்திரம் இன்னும் சீராக ஓடும், எண் இன்னும் அழகாக இருக்கும். ஒப்பந்தத்தில் உத்தரவாதம் கொடுத்தது இயந்திர அறைக்கு. மக்கள் உட்கார்ந்திருப்பது வேறு அறையில்.

இதை எழுதும்போது அரசாங்க அமைப்புகள் வெறும் கண்துடைப்புக்குச் செய்கின்றன என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. செய்து காட்டிய கட்டடங்கள் இருக்கின்றன. கட்டட, கட்டுமான ஆணையம் பிரேடல் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தையே மாற்றியமைத்து 2009ல் பூஜ்ஜிய எரிசக்திக் கட்டடமாக்கியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019ல் திறக்கப்பட்ட எஸ்டிஇ4 கட்டடத்தைக் கட்டாயம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆறு மாடி, கூரையில் 1,200க்கும் மேற்பட்ட தகடுகள், பாதிக்கு மேற்பட்ட பகுதிகளில் இயற்கைக் காற்றோட்டம். குளிரூட்டிய அறைகளிலும் காற்றை வழக்கமான அளவுக்குக் குளிர்விப்பதில்லை. கூரை விசிறி அதை உடலில் படவைக்கிறது. விசிறியும் குளிர்சாதனமும் சேர்ந்து வேலை செய்யலாம் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான். கட்டடக் கலைஞர்கள் அதைக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள்.

ஆனால், அவையெல்லாம் அந்த நோக்கத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. எட்டு மாடி, தொண்ணூறுகளில் கட்டியது, மூன்று முறை புதுப்பித்தது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒருவருக்கு மட்டுமே தெரிந்தது என்ற வகைக் கட்டடங்கள்தான் நம்மிடம் அதிகம். அந்த 10 விழுக்காட்டை அங்கேதான் தேட வேண்டியிருக்கிறது.

மூன்று மீட்டர்

அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். மேற்பார்வையாளரிடம் போய், நான் எழுதியது தவறு, இன்னொரு வாரம் வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேலைப் பயிற்சி மதிப்பெண் நினைவுக்கு வந்தது, வயிறு கலங்கியது. "என்ன ஆதாரம்?" என்று மட்டும் கேட்டார். அழித்த வியாழக்கிழமையைத் திரும்ப எடுத்து, நகல் இயந்திரத்தின் பழுதுபார்ப்புச் சீட்டில் இருந்த நேரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினேன். இயந்திரம் அணைத்த நேரத்துக்கும் வெப்பநிலை ஏறத் தொடங்கிய நேரத்துக்கும் இடையே கால் மணி நேரம்தான். அதன் பக்கத்தில் குறிப்பேட்டின் ஒன்பது பக்கங்களின் படங்கள். ஒரு வாரம் கொடுத்தார்.

சென்சாரை மூன்று மீட்டர் தள்ளி ஒரு தூணுக்கு மாற்ற ஒரு சனிக்கிழமை காலை போதுமானதாக இருந்தது. இத்தனை ஆண்டு தாமதம் எதற்காக என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை ஐந்தாம் மாடி 24.7. வால்வு பாதிக்குக் கீழே இறங்கியது. விசிறி வேகம் 80 விழுக்காட்டுக்கு வந்தது. இயற்பியல் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம்: விசிறியின் மின்தேவை அதன் வேகத்தின் முப்படியை ஒட்டி மாறும். 0.8ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 0.512 வரும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி மிச்சம். தேர்வுத்தாளில் இதை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். ஒரு பூட்டிய அறைக்கு வெளியே நின்று, விசிறியின் இரைச்சல் தணிந்திருப்பதைக் காதால் கேட்டது அதுவே முதல் முறை.

அப்படியானால் 27க்கு ஏற்றினால் இன்னும் மிச்சமாகுமே என்று அங்கிளிடம் கேட்டேன். தலையை ஆட்டினார். குளிர்நீர்ச் சுருள் காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. வால்வை ரொம்பவும் மூடினால் ஈரம் தங்கிவிடும். நம் ஊர்க் காற்றுக்கு இரண்டு வாரத்தில் கோப்புகளில் பூஞ்சணம் பூக்கும் என்றார். எஸ்டிஇ4 போன்ற கட்டடத்தில் முடிவதை, விசிறி இல்லாத பழைய கட்டடத்தில் அப்படியே செய்ய முடியாது.

எல்லாரும் கைதட்டவும் இல்லை. முதல் மூன்று நாளில் ஐந்தாம் மாடியிலிருந்து புழுக்கம் என்று பதினொரு புகார்கள் வந்தன. மேற்குச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாலை வெயில் நேராக அடிக்கிறது. இத்தனை நாள் அதிகக் குளிர் அந்த வெயிலை மறைத்திருக்கிறது. திரைச்சீலைகளை இறக்கி, இரண்டு மேசை விசிறிகள் வாங்கிய பிறகு புகார் நான்காகக் குறைந்தது. அந்த நால்வரில் ஒருவர் இன்னமும் என்னைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்.

சால்வை அக்காவிடம் போய், என் முதல் அறிக்கையில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் சிரித்தார். "பரவாயில்லமா, எனக்கே நான்தான் ஓவரா குளிர்றேனோன்னு சந்தேகம் வந்துடுச்சு" என்றார். சால்வை இப்போதும் நாற்காலியில்தான் இருக்கிறது. கூட்ட அறையில் இன்னும் 22 டிகிரியாம்.

கடைசிப் பக்கம்

இரண்டாவது அறிக்கையில் அங்கிளின் பெயரைப் போட்டிருந்தேன். குறிப்பேட்டின் தேதிகளை அட்டவணையாக்கி, கண்டுபிடித்தவர் இவர், ஆண்டு இது என்று எழுதியிருந்தேன். ஒப்பந்த ஊழியர்களின் பெயர்களை உள் அறிக்கைகளில் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். இறுதிப் பிரதியில் அது 'தளப் பராமரிப்புக் குழுவின் அவதானிப்பு' என்று ஆகிவிட்டது. முகப்பில் என் பெயர் முழுதாக இருக்கிறது.

அவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, எனக்குத்தான் இருந்தது. அடுத்த ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மறுபடியும் ஏலக்குத்தகை விடுவார்கள். வேறு நிறுவனம் வந்தால் அவரும் போக வேண்டியிருக்கலாம். அந்த நீல அட்டைப் புத்தகமும் அவரோடு போய்விடும். அதனால் என் கடைசி வாரத்தை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தினேன். அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. அவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொல்லச் சொல்ல, மாடி மாடியாக எந்த வால்வு ஒட்டும், எந்தச் சென்சார் எங்கே ஒளிந்திருக்கிறது, எந்தக் குழாயில் நீர் முத்துப் பூக்கும் என்று இருபத்திரண்டு பக்கம் தட்டச்சு செய்தேன். இரண்டு மொழியில் படித்ததால் என்ன பயன் என்று தொடக்கக் கல்லூரியில் அலுத்துக்கொண்டவள் நான். அந்த வாரம் அலுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோப்பை மேற்பார்வையாளர் கட்டடத்தின் ஆவணத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். முதல் பக்கத்தில் அங்கிளின் பெயர் இருந்ததை யாரும் நீக்கச் சொல்லவில்லை. கவனித்தார்களா என்றும் தெரியாது.

பருவம் தொடங்கி மூன்றாவது வாரம், விரிவுரையில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு வால்வின் அளவுமுள், முழுவதும் திறந்த நிலையில். கீழே அவர் எழுதியிருந்தார்: 'எல்3. புது பேன்ட்ரி கட்டிட்டாங்க. சென்சார் கெட்டில் பக்கத்துல. புது இன்டர்ன் பையன் வந்திருக்கான், எக்செல் நல்லா போடுறான். கீழ வரச் சொல்லு.'